கணக்கில் வராத மனிதன்

எறிகணையொன்று கவசத்தகட்டைத் தாக்கும் கணத்தை இன்று கணினித் திரையிலேயே நிகழ்த்திப் பார்க்கலாம். உலோகத்தைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பகுத்து, வேகம், கோணம், தகட்டின் தடிப்பு, உறுதி ஆகியவற்றைக் கொடுத்தால், தகடு எங்கே வளையும், எங்கே கிழியும் என்பதை மென்பொருள் காட்டிவிடும். கருவிக்கு அறம் உண்டா என்னும் பழைய வினா இங்கே புதுவடிவில் எழுகின்றது.

கணிப்பும் கத்தி போன்றதே, பழி பயன்படுத்துவோனுக்கே என்பர் ஒரு சாரார். போருக்கெனப் பிறந்த அறிவு முழுவதும் நஞ்சே என்பர் மறுசாரார். இரண்டும் அரை உண்மைகளே. 1976இல் கலிபோர்னியாவின் லோறன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் ஜோன் ஹால்குவிஸ்ற் ஆக்கிய டைனா 3டி என்னும் நிரல், தாழ்ந்த உயரத்திலிருந்து வீசப்படும் அணுகுண்டு நிலத்தில் மோதுவதைக் கணிக்கவே பிறந்தது. 1978இல் அதன் மூலநிரல் பொதுச்சொத்தாயிற்று. பின்னர் அதன் வழிவந்த நிரல்களே மோட்டார் வண்டி மோதல்களைக் கணித்துப் பயணிகளின் உயிர்காக்கவும் உதவின.

சமன்பாடுகள் அவையே, மாறியது வினா. வண்டி மோதலைக் கணித்தோர் உள்ளிருப்பவனின் தலையையும் நெஞ்சையும் கணக்கிற் சேர்த்தனர். தகடு துளைபடுமா என்று மட்டும் கேட்பவனுக்கோ அதன் பின்னாலிருக்கும் மனிதன் வேண்டப்படுவதில்லை. அவனைக் கணக்கிலிருந்து நீக்கியது இயந்திரமன்று. வினாவை வகுத்தோரும் அதற்கு விலை கொடுத்தோருமே.

ஆகவே, நாளை நிரலெழுதப் போகும் மாணவன் விடை சரியா என்று பார்ப்பதோடு அமையலாகாது. இவ்வினா யாருடையது, இதில் விடுபட்டவர் யார் என்று கேட்பதும் அவன் தொழிலின் பகுதியே.