சிறுவனின் வாக்கும் பெரியோரின் கடனும்

எட்டு வயது மகனைப் பள்ளியிலுள்ள குருளையர் படையில் சேர்க்கலாமா என்று எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய் அண்மையில் என்னிடம் வினவினார். “ஹஜ்ரத், அங்கே கையை உயர்த்தி உறுதிமொழி சொல்ல வேண்டுமாம். அறியாப் பிள்ளை வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் அதை மீறினால் அது குற்றமாகாதா?” என்பதே அவருடைய கவலை. சீருடையின் விலையைப் பற்றியோ, பாடம் கெடுமோ என்பதைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. வாக்கைப் பற்றிக் கேட்டார். அக்கேள்வி என்னைப் பல நாள் சிந்திக்க வைத்தது.

சாரணியம் பேடன் பவல் என்னும் ஆங்கிலத் தளபதியால் தொடங்கப்பெற்றது. 1907ஆம் ஆண்டு பிரவுன்சீ என்னும் சிறு தீவில், செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுமாக ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கொண்டு அவர் முதல் முகாமை நடத்தினார். தம்பிமார்களும் தங்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு நச்சரிக்கவே, 1916இல் இளஞ்சிறார்க்கெனக் குருளையர் பிரிவு முறையாக ஏற்பட்டது. நம் நாட்டில் தொடக்கத்தில் வெள்ளையர் பிள்ளைகளுக்கே அதில் இடமிருந்தது. அந்நிலையைப் பொறாது அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கெனத் தனி இயக்கம் கண்டார். பிரிந்து கிடந்த அமைப்புகள் கூடி, 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. இன்று உலகிலேயே மிகுதியான சாரணரைக் கொண்ட நாடு, முஸ்லிம்கள் பெரும்பான்மையராக வாழும் இந்தோனேஷியா என்பதையும் நம்மவர் அறிந்துகொள்ளல் நலம்.

இனி வாக்குக்கு வருவோம். இறைவனுக்கும் நாட்டுக்கும் உரிய கடமையைச் செய்யவும், படையின் நெறியைப் பேணவும், நாள்தோறும் ஒரு நற்செயல் புரியவும் இயன்றவரை முயல்வதாகக் குருளை உறுதி கூறுகிறான். ‘வல்லாஹி’ என்று அல்லாஹ்வின் பெயரால் ஆணையிடுவது யமீன். ‘செய்வேன்’ என்று கூறுவது வாக்களிப்பு. குருளை கூறுவது இரண்டாம் வகை. அதிலும் ‘இயன்றவரை’ என்னும் சொல்லை நோக்குங்கள்! எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்னும் திருமறையின் கருத்துக்கு அச்சொல் எத்துணை அணுக்கமாக நிற்கிறது! மேலும், பருவமடையாத பிள்ளையின் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நம் சட்டநூல்கள் யாவும் ஒப்பிய செய்தி.

அப்துல்லாஹ் இப்னு ஹிஷாம் (ரலி) அவர்கள் சிறுவராயிருந்தபோது அவர்தம் அன்னை ஜைனப் பின்த் ஹுமைத் (ரலி) அவர்கள் அவரை நாயகம் (ஸல்) அவர்களிடம் அழைத்துச் சென்று, பைஅத் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டினார்கள். சிறுவர் என்று கூறி நாயகம் (ஸல்) அவர்கள் பைஅத் வாங்காது, அவருடைய தலையைத் தடவி துஆச் செய்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் காணப்படும் நிகழ்ச்சி இது. பாரம் தலையில் ஏற்றப்படவில்லை. ஆனால் பரிவுக் கரம் அத்தலையின் மீது வைக்கப்பட்டது.

அங்ஙனமாயின், பிள்ளை வாக்களிக்கும் அவையில் உண்மையில் கட்டுப்படுபவர் யார்? அபூதாவூதில் மற்றொரு நிகழ்ச்சி உண்டு. ஒரு தாய் தம் மகனை, “வா, ஒன்று தருகிறேன்” என்று அழைத்தார். என்ன தர எண்ணினாய் என நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் கொடாதிருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்பது கிடைத்த எச்சரிக்கை. இவ்விரு செய்திகளையும் இணைத்துப் பாருங்கள். சிறுவன் பெரியவருக்குக் கொடுக்கும் வாக்கில் விட்டுக்கொடுப்பு உண்டு; பெரியவர் சிறுவனுக்குக் கொடுக்கும் வாக்கில் அது இல்லை. நாமோ இதனைத் தலைகீழாக்கி, பிள்ளையின் சிறு தவற்றுக்குப் பிரம்பெடுக்கிறோம். நம் வாக்கை நாமே மறந்துவிடுகிறோம்.

என் பிழை ஒன்றையும் மறைப்பதற்கில்லை. என் மகன் குருளையாக உறுதிமொழி ஏற்ற மாலையில் நான் வருவதாகச் சொல்லியிருந்தேன். அன்று அயலூரில் ஒரு நிகாஹ் மஜ்லிஸுக்கு அழைப்பு வரவே, அங்கே போய்விட்டேன். இரவு திரும்பியபோது அவன் கழுத்துத் துணியை அவிழ்க்காமல் விழித்திருந்தான். “வருவதற்கு இயன்றவரை முயன்றீர்களா, வாப்பா?” என்று மட்டும் கேட்டான். அதில் கோபமில்லை, அன்று தான் கற்ற சொல்லைக்கொண்டு மெய்யாகவே அறிய விரும்பினான். கிதாபுகள் பல ஓதியிருந்த எனக்கு விடை கிடைக்கவில்லை.

சின்னத்துக்காகவும் பாராட்டுக்காகவும் செய்யும் நன்மை முகஸ்துதியாகாதா என்று வினவுவாருமுண்டு. தக்க வினாவே. ஆயினும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், பிள்ளையிடம் நற்குணம் வெளிப்படும்போது மக்கள் முன்னிலையில் பாராட்டிப் பரிசளிக்கவும், முதன்முறை தவறினால் காணாதது போலிருக்கவும் கூறுகிறார்கள். ஓதி முடித்தபின் விளையாட விடாவிட்டால் பிள்ளையின் உள்ளம் மரத்துப்போகும் என்றும் எழுதியுள்ளார்கள். கொடிக்குப் பந்தல் போடுவது பந்தலின் அழகுக்காக அன்று. நிய்யத் முதிரும் காலத்தில் சின்னம் தானே உதிர்ந்துவிடும். அம்முதிர்ச்சி வந்த பின்னரும் சின்னத்தை விடாதவரைப் பற்றியன்றோ நாம் அஞ்ச வேண்டும்!

சாரணர் இடக்கையால் கை குலுக்குவது சிலருக்கு உறுத்தும். அது வணக்கமன்று, படையின் அடையாளம்; உணவுக்கும் முஸாஃபஹாவுக்கும் வலக்கையே என்று வீட்டில் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் போதும். தொழுகை நேரத்தைப் படையாசிரியரிடம் முன்னரே கூறிவைப்பதும் பெற்றோர் கடனே.

அத்தாய்க்கு நான் கூறிய விடை இதுதான்: “தாராளமாகச் சேருங்கள், அம்மா. ஆனால் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அவன் உறுதி கூறும் நாளில் நீங்களும் அவன் வாப்பாவும் அங்கே நில்லுங்கள். அவன் நாள்தோறும் ஒரு நற்செயல் தேடும்போது, வீட்டிலும் ஒன்று அவன் கண்ணில் படட்டும்.”

பிள்ளைகள் நம்மிடமுள்ள அமானிதம். அவர்களுக்களித்த வாக்கை நிறைவேற்றும் ஆற்றலை வல்ல நாயன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.