எந்த விதி?

வீதியிலே விபத்து நேர்கிறது. அடிபட்டவர் அங்கேயே உயிர் துறக்கிறார். கூடி நிற்போர் கூறுவது யாது? "எல்லாம் அவர் விதி!" நாம் கேட்கிறோம்: எந்த விதி? தலைவிதியா, சாலைவிதியா? மீறப்பட்டது பின்னது, பழி ஏற்பதோ முன்னது! வண்டியை ஓட்டியவரும் அந்த ஒரு சொல்லின் நிழலிலே ஒதுங்கிக்கொள்கிறார்.

சட்டம் தலைவிதியை ஏற்பதில்லை. கவனக்குறைவைக் குற்றமென்றே அது கூறுகிறது. ஆயினும் அச்சட்டத்திலும் சிந்தித்தற்குரிய சிக்கல் ஒன்று உண்டு.

இருவர் ஒரே வேகத்தில், ஒரே அலட்சியத்துடன் ஒரே தெருவிலே வண்டி ஓட்டுகின்றனர். ஒருவர் மயிரிழையில் எவர்மீதும் மோதாமல் சென்றுவிடுகிறார். மற்றவரின் வண்டிமுன் பள்ளி விட்டு வரும் சிறுமி! 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு முன்னவருக்கு விதிப்பது ஆறு திங்கள் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பின்னவருக்கு 106-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவிலே அது ஈராண்டாக இருந்தது. அலட்சியம் ஒன்றே, தண்டனை வேறு. இது நீதியா?

விளைவை விடுத்து எண்ணத்தை மட்டுமே எடைபோட வேண்டும் என்பார் உளர். நாம் அவ்வளவு தூரம் செல்ல ஒப்பவில்லை. மகளைப் பறிகொடுத்த தாயிடம், "அவரும் இவரும் சமம்" என்று சொல்ல எவருக்கு நா எழும்? போனது உயிர், அதற்குப் பதில் சொல்ல ஒருவர் இருந்தே தீரவேண்டும். ஆனால், தப்பியவர் தம்மை நல்லவர் என்று எண்ணி நெஞ்சு நிமிர்த்துகிறாரே, அதைத்தான் மறுக்கிறோம். அவர் நல்லவரல்லர். அன்று அச்சிறுமி அவ்வழியே வரவில்லை, அவ்வளவே!

மோதியபின் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி தேடவேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு. கூட்டத்தின் சீற்றத்தால் இயலாதபோது விலக்கும் தருகிறது. தகவல் கொடாமல் ஓடுவோருக்குப் பத்தாண்டு வரை சிறை என்று புதுச் சட்டம் எழுதியபோது, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்பகுதியை மட்டும் விலக்கிவைத்தே சட்டம் நடைமுறைக்கு வந்தது. நின்றால் அடித்தே கொன்றுவிடுவர் என்ற அவர்தம் அச்சம் பொய்யன்று. ஓங்கிய நமது கை ஓட்டுநரை விரட்டுகிறது. அவர் ஓட, அடிபட்டவர் குருதி வடியக் கிடக்கிறார். அக்குருதியிலே நமக்குப் பங்கில்லையா?

இன்னொரு பங்காளியும் உண்டு. நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே சொல்லிவிட்டது. விடியுமுன் சரக்கு சேரவேண்டும் என்று உறங்காத கண்களை ஓட்டச் சொன்ன முதலாளி எங்கே? கூண்டிலே நிற்பவர் ஓட்டுநர் ஒருவர்தாம். முதலாளியின் அடுத்த லாரி அன்றிரவே, வேறொரு ஓட்டுநருடன் புறப்பட்டுவிடுகிறது.