யாரை அண்டி யார்?

வட்டக்கோட்டைக்குப் போனால் மதில்மேல் ஏறிக் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவது என் வழக்கம். அன்று ஒரு டாக்டர் நண்பரும் கூட இருந்தார். அந்தி மயங்குகிற நேரம். பேச்சு, இந்தக் கோட்டையைக் கருங்கல்லில் பலப்படுத்திய டிலனாயிடம் போய் நின்றது. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுப் படைக்காரன் அவன். பிறகு அதே ராஜாவுக்குப் படை பழக்கினான், கோட்டை கட்டினான், ஜனங்கள் வாயில் ‘வலிய கப்பித்தான்’ ஆனான். 1777இல் செத்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகிக் கிடக்கிறான்.

“பிடிக்க வந்தவனே காவலுக்கு நின்னிருக்கான் பாரும்” என்றேன்.

டாக்டர் புறங்கையில் உட்கார்ந்த கொசுவை அடித்துவிட்டு, “இதுக்குள்ளயும் அப்படி ஒருத்தன் உண்டு வே” என்றார்.

அவர் சொன்ன ஆசாமியின் பெயர் வோல்பாக்கியா. ஒரு பாக்டீரியா. 1924இல் அமெரிக்காவில் ஹெர்டிக், வோல்பாக் என்ற இருவர் சாக்கடைக் கொசுவின் இனத்தில் இதைக் கண்டார்கள். பிறகு தேடத் தேட எத்தனையோ பூச்சிகளில் அகப்பட்டது. பூச்சியின் உயிரணுவுக்குள்ளேயே குடியிருக்கும். தாயின் முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். தகப்பன் வழியாகப் போக முடியாது. அசல் மருமக்கள் வழி! 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் போட்டு விட்டொழித்த முறையை இந்தக் கிருமி இன்னும் கட்டிக்காத்து வருகிறது. அதனால் ஆண் பிள்ளை அதற்குத் தண்டம். சில பூச்சிகளில் ஆண் கருவையே கொன்றுவிடுகிறது. சமோவாத் தீவில் ஒரு பட்டாம்பூச்சி இனத்தில் 2001இல் நூற்றுக்கு ஓர் ஆண்கூட இல்லை. நம் தோட்டத்திலும் பறக்கிற இனம்தான் அது. ஐந்தே வருஷத்தில் அந்தப் பூச்சி எப்படியோ எதிர்த்து நின்று, ஆண்கள் நூற்றுக்கு நாற்பதை நெருங்கிவிட்டார்கள்.

இதே கிருமியைக் குடிவைத்தால் டெங்குக் கொசுவின் உடம்பில் டெங்கு விஷம் சரியாகப் பெருகாதாம். அப்படிப்பட்ட கொசுக்களைப் புதுச்சேரி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிவிட்டதாக 2022இல் அறிவித்தார்கள். அது நல்ல சமாசாரம், இருக்கட்டும். என்னைப் பிடித்து உலுக்கியது வேறு.

ஆனைக்கால் வியாதி எப்படி வருகிறது என்று நமக்குத் தெரியும். கொசு கடிக்கிறது, நூல் போன்ற புழு நிணநீர்க் குழாயில் போய் உட்காருகிறது. அந்தப் புழுவுக்குள்ளும் ஒரு வோல்பாக்கியா இருக்கிறது. மனிதனுக்குள் புழு, புழுவுக்குள் கிருமி. கொசுவிடம் அது வெறும் குடித்தனக்காரன். கிருமி போனாலும் கொசு பிழைத்துக்கொள்ளும். புழுவிடம் அப்படி இல்லை. டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தைச் சில வாரம் கொடுத்தால் கிருமி சாகிறது. அது செத்தால் புழு மலடாகிறது. பிறகு மெல்ல மெல்லத் தானும் சாகிறது.

“பாவம், விசுவாசமான வேலைக்காரனையல்லவா கொல்கிறீர்” என்றேன், கதைக்காரனுக்குரிய இளகிய மனத்தோடு.

“விசுவாசமாவது! புழுவை விட்டு வெளியே வந்தா அதுக்குப் பிழைப்பில்ல. போக இடமில்லாம இருக்கதுக்குப் பேரு விசுவாசமா வே?”

அவர் என்னை நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பெரியத்தையின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்பாவின் அக்காள். இருபத்திரண்டு வயதில் தாலியறுத்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். வந்த பிறகுதான் இடது கால் வீங்கத் தொடங்கியது. சுகாதார இலாகாக்காரர்கள் ராத்திரியில் வந்து இரத்தம் எடுத்தார்கள். ராத்திரியில்தான் புழுக்குஞ்சுகள் வெளி இரத்தத்துக்கு வருமாம். மாத்திரையும் கொடுத்தார்கள். வீங்கிய கால் வீங்கியபடியே நின்றது. டாக்ஸிசைக்ளினின் இந்த உபயோகம் தெரியவருமுன் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்தக் காலை இழுத்துக்கொண்டுதான் மாடு கறந்தாள், நெல் அவித்தாள், எங்கள் ஆறு பேருக்கும் சோறு வடித்தாள். தெருவில் அவளைப் பற்றிச் சொன்னது, ‘தம்பி வீட்டை அண்டிக் கெடக்கா’ என்று. நான் காலேஜில் படித்த இரண்டு வருஷமும் அவள் பேரில் தாத்தா எழுதிவைத்த வயலை விற்ற பணம்தான். கைநாட்டு வாங்கினோம்; சம்மதம் கேட்டதாக நினைவில்லை.

அக்காளைப் பெண் பார்க்க வந்தார்கள். வியாதி குடும்பத்தோடு ஒட்டியது என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். பெரியத்தையைத் தொழுவத்துக்குப் பின்னால் உட்கார வைத்தோம். மாப்பிள்ளையின் தகப்பனார் என்னை அருகில் கூப்பிட்டு, “வீட்டுல வேற யாரெல்லாம் உண்டு மக்கா?” என்று கேட்டார். எனக்குப் பதினான்கு வயது. “வேற யாரும் இல்ல” என்றேன். தொழுவத்துக்கும் திண்ணைக்கும் அதிக தூரமில்லை. அன்று ராத்திரியும் எனக்குச் சோறு போட்டது அவள்தான்.

அவள் இறந்தபோது அப்பா, “எங்களுக்காகவே வாழ்ந்தா” என்று அழுதார். பின்னாளில் நான் அதையே கதையாக எழுதினேன். தியாகத்தின் திருவுரு என்று வாசகர்கள் கடிதம் போட்டார்கள். நானும் நம்பினேன். அந்த நம்பிக்கை எங்கள் எல்லோருக்கும் எவ்வளவு சௌகரியமாக இருந்தது!

டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “கிருமிக்கு மனசு கிடையாது வே. அந்த அம்மைக்கு இருந்ததே. அதையும் இதையும் ஒண்ணாக் கட்டாதியும்” என்றார். நியாயமான பேச்சுதான். நம் உயிரணு ஒவ்வொன்றிலும் நமக்குச் சக்தி தருகிற மைட்டோகாண்ட்ரியாவும் நூறு கோடி வருஷங்களுக்கும் முன்னால் வெளியே திரிந்த ஒரு பாக்டீரியாதான் என்று அவரே சொன்னார். அதைத் தியாகி என்று யாரும் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டாம்.

மனசு இருந்தது என்பதுதான் எனக்குத் தொந்தரவு. அந்த மனசில் என்ன இருந்தது என்று நாங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. அன்பாகவும் இருந்திருக்கலாம், என் தலையை அவள் கோதிவிட்ட விரல்களை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போக இடம் இருந்து, போகாமல் இருந்தாளா என்பது வேறு கேள்வி.

காவலாளி விசில் ஊதினான். இறங்கும்போது டாக்டரிடம் சொல்லாத ஒன்று உண்டு. பதினாறாம் நாள் கழிந்து அவள் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப்பெட்டியைத் திறந்தோம். மடிப்புக் கலையாத இரண்டு புடவை, ஒரு செம்பு, முடிச்சில் நாற்பத்தேழு ரூபாய். பிரயாணத்துக்குக் கட்டிய பெட்டி மாதிரி இருந்தது. அம்மா புடவைகளை எடுத்துக்கொண்டாள். பெட்டியில் இப்போது என் கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன.