உளி என்று சொல்லலாமா?

மார்ச் மாதத் தொடக்கத்தில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காவில் ஓரிரவு கூடாரமிட்டுத் தங்கினோம். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 8,000 அடி உயரம், சுற்றிலும் பனி. அழைத்துச் சென்ற நண்பர் குடும்பத்தார் கொடுத்த கம்பளிகளையெல்லாம் போர்த்தியும், நள்ளிரவுக்குப் பின் உறக்கம் வரவில்லை. புட்டியில் வைத்த நீர் கல்லாயிற்று.

பொழுது விடிந்ததும் விளிம்பிற்கு நடந்தோம். கீழே ஆயிரக்கணக்கான கல் தூண்கள், செம்மையும் காவியும் வெண்மையுமாய், தலையில் பனி சூடி நின்றன. ஹூடூ என்று அவற்றை அழைக்கிறார்கள். கோபுரங்கள் என்பதா, செபத்திற்குத் திரண்ட மக்கள் என்பதா? வாய்விட்டு இறைவனைப் புகழ்ந்தோம்.

கேன்யன் என்று பெயரிருப்பினும், அது ஓர் ஆறு அறுத்த பள்ளத்தாக்கன்று. உறைபனி உடைத்த இடம். ஆண்டில் ஏறத்தாழ 200 நாட்கள் அங்கே உறைதலும் உருகுதலும் மாறி மாறி நிகழ்கின்றன. பகலில் உருகிய நீர் பாறை வெடிப்புகளில் இறங்குகிறது. இரவில் உறைகையில் ஏறத்தாழ 9 விழுக்காடு பருத்து, பாறையை நெருக்கிப் பிளக்கிறது. சுண்ணக்கல்லை மழைநீரும் கரைக்கிறது. பாறைச் சுவரில் துளை விழுந்து, துளையின் மேற்புறம் இடிந்து, தூண் மிஞ்சுகிறது. தூணும் ஒரு நாள் சரிந்து மண்ணாகிறது. நம் புட்டி நீரைக் கல்லாக்கிய அதே குளிர்தான் இந்த அழகையும் ஆக்கியது.

அங்கேயே நமக்குள் ஒரு மறையுரை உருவாகிவிட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். (குருக்களுக்கு இது தொழில் நோய்!) துன்பம் இறைவனின் உளி, உடைபடும் உள்ளமே அழகு பெறும் என்று. துக்க வீடுகளில் நாம் பலமுறை சொன்னதுதான். ஒருமுறை, மகனைப் பறிகொடுத்த தாயொருத்தியிடமும் சொன்னோம். அவள் முகத்தை உயர்த்தாமலே கேட்டாள்: "அப்போ எம் புள்ளை, செதுக்கி எறிஞ்ச சில்லா சாமி?"

அன்று நம்மிடம் பதிலில்லை. அந்த விளிம்பிலும் இல்லை.

அழகு என்று சொன்னது யார்? விடிந்தபின் விளிம்பில் நின்ற நாம். இரவு இரண்டு மணிக்கு, கால்விரல்கள் மரத்துப்போன வேளையில், அதே குளிரை நாம் உளியென்று அழைக்கவில்லை. எப்போது விடியும் என்றே வேண்டிக்கொண்டிருந்தோம். அதுவும் காருக்குள் ஏறிக்கொண்டால் தீர்ந்துவிடும் துன்பம். 1928இல் தேசியப் பூங்காவான அவ்விடத்திற்குத் தம் பெயரை விட்டுச் சென்றவர், 1870களில் அங்கே குடியேறிய எபநேசர் பிரைஸ். மாடு தொலைந்தால் தேடுவதற்குப் பொல்லாத இடம் என்று அவர் சொன்னதாக வழங்குகிறது. பிழைக்க வந்தவர் வேறென்ன சொல்வார்!

பாறைக்கு வலியில்லை, அதன் உடைவைச் சிற்பம் என்றால் யாரும் புண்படுவதில்லை. மனிதர் உடைகையில் அப்பெயரைச் சூட்டும் உரிமை, விளிம்பில் நிற்பவருக்கு உண்டா? உடைந்தவரே பின்னொரு நாளில் தம் வாயால் சொன்னால் அது சாட்சியம். நாம் முந்திக்கொண்டு சொன்னால்? யோபுவின் நண்பர் மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாது அமர்ந்திருந்தனர். பிறகு பேசத் தொடங்கியதில்தான் தவறினர். கெத்சமனியில் ஆண்டவரும் துன்பக் கிண்ணத்தை அழகென்று கூறவில்லை, அகற்றும்படி மன்றாடினார்.

ஊர் திரும்பியபின் அத்தாயின் வீட்டிற்குச் சென்றோம். திண்ணையில் பாய் விரித்தாள். நெடுநேரம் கழித்து, மகன் சிறுவனாயிருந்தபோது கிணற்றில் விழுந்து பிழைத்த கதையை அவளாகவே தொடங்கினாள். பிரைஸில் எடுத்த படங்கள் பைக்குள்ளேயே இருந்தன.