யானை தின்ற வேளாண்மை

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலோ விதைத்த பயிரிலோ பறவை, மனிதன், மிருகம் எது உண்டாலும் அது அவனுக்கு ஸதகாவாகும் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. எங்கள் வட்டையில் யானை இறங்கிப்போன மறுநாள் இதைச் சொல்ல யாராவது ஒருவர் இருப்பார். நானும் இதை நம்புகிறேன். ஆனால் வேளாண்மையை இழந்தவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அது ஈமான். எதையும் இழக்காதவன் அவனுக்குச் சொன்னால் அது வேறு.

யானை குற்றவாளியல்ல. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பெருங்காட்டை வயலாக்கியது. எல்லைக்கல் நமக்குத்தான் தெரியும். விலங்குகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்கிறது அல்குர்ஆன் (6:38). ஆகவே, பூசணிக்காய்க்குள் ஹக்கபட்டாஸ் வைப்பதற்கு நியாயமே கிடையாது. வாய் சிதறிய யானை தின்ன முடியாமல் நாட்கணக்கில் கிடந்து சாகிறது. 2023இல் மட்டும் இலங்கையில் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்தனர்.

இரவில் ஆடுகள் புகுந்து மேய்ந்த வயலைப் பற்றிய வழக்கும் அல்குர்ஆனில் வருகிறது (21:78-79). ஆடுகளையே வயல்காரனுக்குக் கொடுத்துவிடத் தீர்ப்பளித்தார் தாவூத் நபி (அலை). ஸுலைமான் நபியோ (அலை), ஆட்டுக்காரன் வயலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும், அதுவரை ஆடுகளின் பயனை வயல்காரன் அனுபவிக்கட்டும் என்றார் என விளக்கவுரையாளர்கள் எழுதுகின்றனர். ஆடும் பிழைத்தது, வயலும் பிழைத்தது.

காட்டு யானைக்கு உடையவன் யார்? யானையைக் கொல்லக்கூடாது என்று சட்டம் செய்தது நாடு. அந்த முடிவு சரியானதே. மின்னேரியாவில் ஜீப்பிலிருந்து யானை பார்க்கும் மகிழ்ச்சியும் வருமானமும் நாட்டுக்கே. அதன் தீனிச் செலவு மட்டும் காட்டோரத்து ஏழையின் தலையில் விழுவது எந்த நீதி? இங்கே ஆட்டுக்காரனின் இடத்தில் நிற்பது நாம் எல்லோருமே.

விதைப்பிலிருந்து அறுவடை வரை வட்டையைச் சுற்றி மின்வேலி போட்டு, அறுவடை முடிந்ததும் அதைக் கழற்றி, வைக்கோலையும் தாளடியையும் யானைக்கு விட்டுவிடும் முறை நம் நாட்டிலேயே பல கிராமங்களில் பயன் தந்திருக்கிறது. கதிர் மனிதனுக்கு, தாள் யானைக்கு. ஸுலைமான் நபியின் தீர்ப்புக்கு இது தூரமல்ல.

நஷ்டஈடு வாங்கினால் ஸதகாவின் நன்மை போய்விடாதா என்று கேட்பவர்களும் உண்டு. நன்மையை அல்லாஹ் எழுதுவான். வேலியும் நஷ்டஈடும் நம்முடைய பொறுப்பு.