பாலன் இன்னும் வரவில்லை

வாடைக் காற்று கிளம்பிவிட்டால் மன்னார் பள்ளிமுனையில் கடல் தொழிலுக்குப் போனவர்களின் வீடுகளில் நித்திரை குறைந்துவிடும். நான் சிறுவனாக இருந்த காலத்தில் அம்மம்மா அந்த இரவுகளில் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு வாசல்படியில் இருப்பா. இடைக்கிடை எழும்பிப்போய் அடுப்பைத் தூண்டிவிட்டு வருவா. அம்மப்பா கரையேறியதும் தேத்தண்ணிக்குக் கொதிநீர் வேண்டும். மழை இல்லாத இரவென்றால் மடியில் வலை கிடக்கும். குப்பி விளக்கில் பொத்திக்கொண்டிருப்பா. வள்ளம் எப்போது வரும் என்று கேட்டால், "வரேக்க வரும், நீ படு" என்பதுதான் பதில்.

நத்தாருக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலமும் அந்தக் காற்றோடுதான் எங்களிடம் வருகிறது. நவம்பர் 30 புனித அந்திரேயாவின் நாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறே திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கலிலேயாக் கடலில் வலை வீசிய ஒருவரின் நாளிலிருந்து கணக்கெடுக்கும் காலம் என்பதால் அது எங்கள் ஊருக்கென்றே அமைந்ததுபோல எனக்குப் படும். பிறகு டிசம்பர் 3 சவேரியார் திருநாள். அவர் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்றதற்காகத்தான் 1544இல் மன்னார் மக்கள் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் ஆட்களால் வெட்டுண்டார்கள். டிசம்பர் 13 எங்கள் ஆலயத்தின் பாதுகாவலி புனித லூசியாவின் நாள். சிசிலித் தீவின் சிராக்கூசில் 304இல் உயிர் கொடுத்தவ என்பது மரபு. கண்பார்வைக்காக மன்றாடுகிறவர்கள் அவவிடம்தான் போவார்கள். லத்தீனில் ஒளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பழைய நாட்காட்டியில் ஐரோப்பாவின் மிக நீண்ட இரவு அவவின் நாளை ஒட்டியே வந்தது.

இத்தனை இருந்தும், வீட்டில் இந்த நான்கு வாரங்களையும் நாங்கள் வெகுகாலம் தொலைத்துக்கொண்டிருந்தோம். டிசம்பர் பிறந்தவுடன் கடைகளில் நத்தார்ப் பாட்டு, இரண்டாம் கிழமை ஒளிவிழாக்கள், கரோல், நத்தார் பாப்பா. 25ஆம் திகதி விடியும்போது பிள்ளைகளுக்கு நத்தார் அலுத்தே போயிருக்கும். பிறக்காத பிள்ளைக்கு மூன்று கிழமை பிறந்தநாள் கொண்டாடிவிட்டு, பிறந்த அன்று படுத்துத் தூங்குகிறோம். இது சரியில்லை என்று எனக்குப் பட்டது.

அதனால் சில வருடங்களுக்கு முன் வீட்டில் ஒரு வளையம் செய்தோம். பழைய சைக்கிள் றிம்மில் சவுக்குக் கிளை சுற்றி நான்கு மெழுகுதிரிகள். ஊதா மெழுகுதிரி கிடைக்காததால் மூன்று வெள்ளைத் திரிகளுக்கு ஊதாக் கடதாசி ஒட்டினோம்; மூன்றாம் ஞாயிற்றுக்கு உரியதற்கு ரோசா. இந்த வளையத்தின் கதை பிறகுதான் தெரிந்தது. 1839இல் ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய ஜொஹான் விக்கர்ன் என்ற லூத்தரன் போதகர், நத்தார் எப்போது எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் நாளுக்கு ஒரு திரி வைத்தாராம். நாங்களும் தெரியாமலே ஒரு சக்கரத்தைத்தான் எடுத்திருக்கிறோம்.

பாலன் குடிலை முதல் ஞாயிறே கட்டிவிடுவோம். ஆனால் தீவனத்தொட்டி வெறுமையாக இருக்கும். பாலன் சுரூபம் அலுமாரிக்குள், அம்மம்மாவின் பழைய சேலைத் துண்டில் சுற்றி. யாருக்காவது ஒரு நன்மை செய்த பிள்ளை அன்றிரவு தொட்டியில் ஒரு வைக்கோல் போடலாம். வைக்கோல் நானாட்டான் பக்கமிருந்து வரும். பலகாரம் சுடுவதும் 20ஆம் திகதிக்குப் பிறகுதான். முதல் வருடம் சின்னவள் அழுதாள். அடுத்த வருடம் குடிலைப் பார்க்க வந்தவர்களிடம், "பாலன் இன்னும் வரேல்ல" என்று அவளே அறிவித்துக்கொண்டிருந்தாள்.

அப்படி அவள் அறிவித்தபோது கேட்டுக்கொண்டு நின்றவர்களில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அம்மாவும் இருந்தா. 2009இல் வன்னிப் போரில் பிரிந்த மகனை அவ இன்னும் தேடுகிறா. வெறும் தொட்டியைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என்னிடம் சொன்னா: "உங்கட பாலனுக்குத் திகதி இருக்குத் தம்பி. என்ர பிள்ளைக்குத் திகதி இல்ல."

எனக்குப் பேச வரவில்லை. 2011 ஜனவரியில் எங்கள் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய், வன்னியில் 1,46,679 பேருக்குக் கணக்கு இல்லை என்று அரசாங்கத்தின் பதிவுகளையே வைத்துச் சொன்னார். ஆண்டகை 2021இல் இறந்துவிட்டார். அந்தக் கணக்குக்கு இன்னும் பதில் வரவில்லை. அந்த அம்மாவிடம் ஒரு பிளாஸ்டிக் கோப்பு இருக்கிறது: மகனின் படம், செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்தது, ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது, காணாமற்போனோர் அலுவலகத்துக்குக் கொடுத்தது, எல்லாவற்றின் பிரதிகளும். 2025 நவம்பர் 28 டித்வா புயலன்று அவ வீட்டிலிருந்து முதலில் தூக்கியது அந்தக் கோப்பைத்தான். இரண்டு நாள் கழித்து முதல் ஞாயிறு. கரண்ட் இல்லை. ஊதாக் கடதாசி ஒட்டிய திரி அன்று எங்கள் வீட்டுக்கு விளக்காகவே எரிந்தது.

அவவின் சொல்லுக்குப் பிறகுதான் இந்தக் காலத்தின் வாசகங்களை ஊன்றி வாசித்தேன். டிசம்பர் 16 வரைக்கும் திருச்சபையின் கண் பெத்லகேமை விட ஆண்டவரின் இரண்டாம் வருகை மேல்தான் அதிகம் இருக்கிறது. அந்த நாளும் வேளையும் யாருக்கும் தெரியாது; விழித்திருங்கள் என்பதுதான் முதல் ஞாயிறே காதில் விழும் நற்செய்தி. பிறப்பை நெருங்கி எண்ணத் தொடங்குவது 17ஆம் திகதியிலிருந்து. அப்படியென்றால் திகதி தெரிந்து காத்திருக்கும் நாங்கள் இந்தக் காலத்தின் பிற்பாதியை மட்டும் அறிந்தவர்கள். முற்பாதியை முழுதாக அறிந்தவ அந்த அம்மா. திகதி இல்லாமலே பதினாறு வருடத்துக்கு மேலாக விழித்திருக்கிறா. கோப்பை நனையாமல் காக்கிறா. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்வருகிறா. அம்மம்மாவின் வாசல்படியை நான் மறுபடி பார்த்தது அவவிடம்தான். அவவின் துயரத்துக்கு இது மருந்து என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீதி கிடைக்காத காத்திருப்பைப் புண்ணியம் என்று புகழ்வதும் பிழை. எங்களால் முடிந்தது, அவ தனியாக விழித்திருக்காமல் பார்த்துக்கொள்வது.

2026இல் முதல் ஞாயிறு நவம்பர் 29இல் வருகிறது. முதல் திரியை எங்கள் வீட்டில் வந்து ஏற்றச் சொல்லி அவவிடம் கேட்டிருக்கிறோம். வாறன் என்று சொல்லியிருக்கிறா.