ஒன்றே முக்கால் மீட்டர்

உங்கள் வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்க வேண்டும். ஜன்னல் நாலடி அகலம், ஐந்தடி உயரம். எத்தனை மீட்டர் துணி எடுப்பீர்கள்?

அவசரப்பட்டு பதில் சொல்லிவிடாதீர்கள். நான் அப்படிச் சொல்லித்தான் மாட்டிக்கொண்டேன்.

பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம் எங்கள் ஊர். அம்மா மட்டும் அங்கே இருக்கிறாள். வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகு அவள் கட்டிலை முன்பக்க ரூமுக்கு மாற்றினோம். அந்த ஜன்னல் மேற்குப் பார்த்தது. சாயங்காலம் நாலு மணியானால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். நினைத்தபடி புரண்டு படுக்கவும் அவளால் முடியாது.

போனில் அளவு கேட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் டேப் வைத்து அளந்து சொன்னான்: 48 அங்குல அகலம், 60 அங்குல உயரம். சென்னையில் கடைக்குப் போனால், திரைத்துணியின் அகலமும் 48 அங்குலம்! எனக்கென்றே நெய்த மாதிரி இருந்தது. மேலும் கீழும் மடித்துத் தைக்கக் கொஞ்சம் சேர்த்து ஒன்றே முக்கால் மீட்டர் வாங்கினேன். ஒரு இஞ்ச் வேஸ்ட் இல்லை என்று பெருமை வேறு.

ஊரில் டெய்லர் அண்ணன் துணியை விரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இது ஜன்னல்ல மாட்டறதுக்குங்களா, ஒட்டறதுக்குங்களா?"

மாட்டிய பிறகுதான் கிண்டல் புரிந்தது. ஓரம் மடித்துத் தைத்ததில் அகலம் குறைந்துவிட்டது. துணி சினிமாத் திரை மாதிரி விறைத்து நிற்க, இரண்டு பக்க இடுக்கிலும் வெயில் உள்ளே வந்தது. காற்றடித்தால் மொத்தமாகத் தூக்கியது.

"பரவால்ல கண்ணு, நான் சேலைத் தலைப்ப மூஞ்சியில போட்டுக்கறேன்" என்றாள் அம்மா.

டெய்லர் அண்ணன் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அளக்க வேண்டியது ஜன்னலை இல்லை, திரை தொங்கும் கம்பியை. கம்பி இரண்டு பக்கமும் அரையடி நீண்டிருக்க வேண்டும். ஆக 60 அங்குலம். மடிப்பு விழ, துணி அதைப்போல இரண்டு மடங்காவது வேண்டும். 120 அங்குலம். 48 அங்குல அகலத் துணியில் இரண்டரை பாகம் வரும், மூன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். உயரத்துக்கு வாருங்கள். ஜன்னலுக்கு மேலே அரையடி, கீழே அரையடி சேர்த்து 72. மேல் மடிப்புக்கு 4, கீழ் மடிப்புக்கு 6. பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும், அதற்கு 3. மொத்தம் 85. மூன்று பாகத்துக்கு 255 அங்குலம். அதாவது ஆறரை மீட்டர். பெரிய பூப்போட்ட துணி என்றால், பூ சேர்வதற்கு இன்னும் கொஞ்சம்.

"ஜன்னலுக்கு அஞ்சு சாண்தான், தம்பி. மிச்சமெல்லாம் மடிப்புக்கு. மடிப்புதாங்க வெயிலத் தடுக்கும்."

ஒன்றே முக்கால் எங்கே, ஆறரை எங்கே! அன்று ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது அந்த வித்தியாசம் தூங்கவிடவில்லை. நான் துணியை மட்டுமா அப்படி அளந்தேன்?

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ். சனிக்கிழமை டாக்டர், மாத்திரை, கரண்ட் பில். ஞாயிறு ராத்திரி திரும்பவும் பஸ். எந்த வேலைக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவுதான் கொடுத்தேன். ஒரு மணி நேரம்கூட வேஸ்ட் இல்லை. ஆனால் அம்மா மனசுவிட்டுப் பேச ஆரம்பிப்பது எப்போது தெரியுமா? நான் பை ஜிப்பை இழுத்து மூடும்போது. என் இரண்டு நாளில் அவளுக்கு மடிப்பே இல்லை.

'அப்படியானால் எதையும் இரண்டு மடங்கு வாங்கிக் குவிக்கச் சொல்கிறீரா? சிக்கனம் தப்பா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் ஊரிலிருந்து சில மணி நேரம் பஸ்ஸில் போனால் மதுரை. அங்கே மேலமாசி வீதியில் ஒரு வீட்டில்தான், 1921 செப்டம்பர் 22-ம் தேதி, காந்தி தன் உடையை இடுப்பில் ஒரு முழத்துண்டாகக் குறைத்துக்கொண்டார். கதர் வாங்கக் காசில்லாத ஏழைகள் கோடிக்கணக்கில் இருக்கும்போது தனக்கு எதற்கு இவ்வளவு துணி என்று நினைத்தார். 1948-ல் இறக்கும் வரை அதுதான் அவர் உடை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் குறைத்தது தன் உடம்பில் இருந்த துணியை. ராட்டை சுற்றச் சொன்னது அடுத்தவன் உடம்புக்கும் துணி வர வேண்டும் என்று. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நமக்கென்றால் தாராளம். அடுத்தவருக்கென்றால்தான் டேப்பை எடுக்கிறோம்.

களத்துமேட்டில் கூலி நெல் அளந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். படியைக் கோபுரமாகக் குவித்து அளப்பவர் உண்டு. தலை தட்டி அளப்பவரும் உண்டு. தலை தட்டுவதில் அநியாயம் எதுவும் இல்லை, ஒரு படி என்றால் ஒரு படிதான். ஆனாலும் வாங்கிக்கொண்டு போகிறவர் மனசில் நிற்பது அந்தக் குவியல்தான்.

எது தேவையான மிகுதி, எது வீண்? எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். மடிப்பில் இருக்கும் துணி தினமும் யாரோ ஒருவர் முகத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்கிறது. என் பீரோவில் கவர் பிரிக்காமல் இருக்கும் இரண்டு பெட்ஷீட் யாருக்கு என்ன செய்கிறது?

அடுத்த முறை பழனியிலேயே ஆறரை மீட்டர் எடுத்தேன். ஆபீஸில் திங்கட்கிழமையும் லீவு சொன்னேன். திரையைப் பார்த்ததும் அம்மா, "எதுக்கு கண்ணு இத்தனை துணி? வேஸ்ட்டு" என்று திட்டினாள்.

திங்கட்கிழமை எனக்கு எந்த வேலையும் இல்லை. நாலு மணிக்குத் திரையை இழுத்துவிட்டேன். ரூம் மங்கலானது. பை ஜிப் சத்தம் இல்லாமலேயே அம்மா பேச ஆரம்பித்தாள். நடுவிலேயே தூங்கியும் போனாள்.

டேப்பை எடுக்கும்போது, யாருக்காக அளக்கிறோம் என்று நீங்களும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.